சிலுவை தெரியுதா?

கோனியோ ஒமுரா மலைக்கிராமத்தில் இறங்காமலே திரும்பி வந்துவிட்டாள். கொண்டுபோன அரிசி மூட்டைகள் அப்படியே விமானத்தில் இருந்தன.

அவள் கிளம்பிய கொரோகா விமானக் கொட்டகையில் ஒரே சிரிப்பு.

"அரிசிக்கு ஊர் சுத்திக் காட்டிட்டு வந்துட்டா" என்றான் மெக்கானிக்.

இருந்தது ஒரே ஒரு பைலட் வேலை. போட்டி இரண்டு பேருக்குள். பிரென்டன் ஆஸ்திரேலியாவில் ஐயாயிரம் மணி நேரம் பறந்தவன். கோனியோவுக்கு அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. தலைமை பைலட் வாகி பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, இருவரையும் ஒமுராவுக்கு ஓட்டச் சொன்னார். மலைச்சரிவில் ஏறிப்போகும் ஓடுதளம் அது. நெருங்கிவிட்டால் இறங்கியே ஆக வேண்டும். மறுபடி மேலெழும்ப இடமில்லை.

காலையில் பிரென்டன் அழகாக இறங்கினான். மதியம் கோனியோ இப்படி.

முதலாளி கௌபா விசாரித்தார். ஒமுரா ரேடியோக்காரர் இருவரிடமும் வானம் தெளிவு என்றுதான் சொன்னாராம். பிரென்டன் நன்றி சொல்லிவிட்டு நேராகப் போய்விட்டான். காலையில் வானம் நிஜமாகவே தெளிவாக இருந்தது. கோனியோ மட்டும் இன்னொன்று கேட்டிருக்கிறாள்.

"அண்ணே, எதிர்மலைச் சர்ச் சிலுவை தெரியுதா?"

அதற்கு அவர், "சிலுவை தெரியல தங்கச்சி. மலையே தெரியல. ஆனா இங்க அரிசி தீந்துபோச்சு, நீ வந்துடு."

கௌபாவுக்கும் சிரிப்பு வந்தது. எந்த ஊர்தான் விமானத்தை வராதே என்று சொல்லும்?

"நல்ல பொண்ணுதான் வாகி. ஆனா பறந்த மணிக்கணக்குன்னு ஒண்ணு இருக்கே. பிரென்டனையே எடுத்துக்குவோம்."

கோனியோவிடம் அவரே பக்குவமாகச் சொன்னார். அவள் தோள்பையை மாட்டிக்கொண்டாள்.

"அரிசி நனையாம பாத்துக்குங்க, பாஸ்" என்று மட்டும் சொல்லிவிட்டு, பஸ் நிற்கும் பக்கம் நடந்தாள்.

வாகி வாதாடவில்லை.

"அப்ப நாளைக்கு ஒமுராவுக்குப் பிரென்டன் போகட்டும், பாஸ். இந்த அரிசி, அப்புறம் உங்க வீட்டம்மாவும் குழந்தையும். பிள்ளையை முதமுதலா பொறந்த வீட்டுக்குக் காட்டப் போறாங்கல்ல?"

கௌபா மலைப்பக்கம் பார்த்தார். மேகம் உட்கார்ந்திருந்தது.

"நாளைக்கு மட்டும் அந்தப் பொண்ணு ஓட்டட்டுமே."

"அவளைத்தான் வேணாம்னு அனுப்பிட்டீங்களே, பாஸ்."

"பேசிட்டு நிக்காதய்யா. பஸ் ஏறிடப் போறா, ஓடு."