வாசலுக்கு வராதவன்

"அடிச்சவன வெளிய வரச் சொல்லுங்க!"

பதுளை பொலிஸ் நிலைய வாசலில் நின்று பெரியாயி தொண்டை கிழியக் கத்தினாள். தேயிலைத் தோட்டத்தில் காலையில் பேர் பதியும் பெரட்டுக்குப் போகாமல், கொழுந்துக் கூடையைப் போட்டுவிட்டு, ஹல்துமுல்லையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்திருந்தாள்.

இங்கிருந்து போய்த் தமிழ்நாட்டு அகதி முகாம்களில் கிடக்கும் நம் சனத்துக்கு இந்தியாவின் புதிய பிரஜாவுரிமைச் சட்டத்தில் இடமில்லை என்பதை எதிர்த்து நேற்று மாணவர்கள் ஊர்வலம் போனார்கள். கான்ஸ்டபிள் அஜந்தன் பொல்லால் ஒரு மாணவனின் மண்டையைப் பிளந்த வீடியோ எல்லார் போனிலும் ஓடிக்கொண்டிருந்தது.

சார்ஜன்ட் சிங்கராயர் எரிச்சலோடு வெளியே வந்தார்.

"கத்தாதம்மா! ஒன் மகன் ஒண்ணும் சாகல. ஆஸ்பத்திரியில போய்ப் பாரு."

"கஞ்சி குடுத்துட்டுத்தான் வாறேன். முகாமுல கெடக்குற என் அண்ணனுக்காகக் கத்துன ஊரான் வீட்டுப் புள்ள, வாயத் தொறக்க முடியாமக் கெடக்குதுங்க."

"இன்னொரு வார்த்த பேசுனா உள்ள தள்ளிப் பூட்டிருவேன்!"

"பூட்டுங்க. அப்பவாச்சும் அவன் மூஞ்சியப் பாக்குறேன்."

சிங்கராயர் விறுவிறுவென்று உள்ளே போனார். அஜந்தன் சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான்.

"நேத்து அவ்வளவு வீரம் காட்டுன? இன்னைக்கு ஒரு பொம்பளைக்குப் பயந்து ஒளியிற! போடா வெளிய!"

பிடரியில் கை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். அஜந்தன் தலையை நிமிர்த்தவே இல்லை.

பெரியாயி குனிந்து ஒரு பிடி மண்ணை வாரி அவன் காக்கிச் சட்டையில் வீசினாள்.

"நான் செத்தா, பெத்த மகன்னு சொல்லிக்கிட்டு அந்தக் கையால எனக்குக் கொள்ளி வைக்க வந்துராதடா!"