பசுமைப் பவுடர்

வியாசர்பாடி கேரம் கிளப்புக்குப் பசுமைச் சான்றிதழ் வந்த அன்று, புதிய பவுடரின் முதல் பாக்கெட்டை டில்லிபாபுதான் பிரித்தார். போர்டில் தூவித் தேய்த்து, மிச்சத்தை வழக்கம்போல வாயால் ஊதித் தள்ளினார். ஸ்டிரைக்கர் வெண்ணெயாக வழுக்கியது. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் விரல் நுனியை நாக்கில் தொட்டுக்கொள்வது அவர் பழக்கம். லேசாக உப்புக் கரித்தது.

“எப்டிண்ணே கீது?” என்று கேட்டான் கிளப் செயலாளர் மோசஸ்.

“சூப்பரா கீது. இன்னா சரக்குடா இது?”

“சுடுகாட்டுச் சாம்பல்ணே. பவுடர் கல்லுக்குன்னு மலைய வெட்ட வேணாம், கெமிக்கல் வேணாம். நம்ம கிளப் ஆளுங்களோடது மட்டுந்தான். இது போன வாரம் செத்துப்போன உங்க பார்ட்னர் கஜபதிண்ணன்.”

டில்லிபாபு வாசலுக்கு ஓடி, குடலே வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுத்தார். எத்தனை முறை கொப்பளித்தும் நாக்கில் அந்த உப்பு போகவில்லை. உள்ளே யாரோ போர்டை ஊதும் சத்தம் கேட்டது.

“மனுசங்களாடா நீங்கள்லாம்? த்தூ!”

மோசஸ் தண்ணீரோடு வந்து பரிவாக அவர் முதுகைத் தடவிக் கொடுத்தான். தடவிய கை தோளில் நின்று, சதையை ஒருமுறை அழுத்திப் பார்த்தது.

“கஜபதிண்ணன் ஒல்லி, இந்த மாசத்துக்கே பத்தாது. உங்க உடம்பு ஒரு சீசன் முழுக்க வரும்ணே.”