மதியக் காட்சியில் நிற்கும் தட்டு

ஒரு தியேட்டரின் ஆபரேட்டர் அறையில், படச்சுருளைப் படுக்கவைத்துச் சுற்றும் பெரிய தட்டு ஒன்று இருந்தது. சில நாட்களாக மதியக் காட்சியில் மட்டும் அது பாதியில் நின்றது. ஃபிலிம் அறுந்தது. கீழே விசில் பறந்தது.

ஆபரேட்டர் அருளப்பன் மோட்டாரை மாற்றினார், பெல்ட்டை மாற்றினார். "இந்த வாரத்துக்குள்ள சரியாகலைன்னா உன்னைக் காயலான் கடைக்குத்தான் அனுப்பணும்" என்று தட்டைத் திட்டிவிட்டுப் படத்தை ஓட்டினார்.

அந்த அறைப் பல்லிக்கு மனசு கேட்கவில்லை. மதியத்தில் பூச்சியும் வராது. வழக்கம்போல் தட்டின் நடுவிலிருந்த மெல்லிய கம்பியில் ஏறி உட்கார்ந்து, "உனக்கு என்னதான் செய்யுது?" என்று கேட்டது.

"ஃபிலிம் இழுத்தா இந்தக் கம்பி அசையும். அது அசைஞ்சாத்தான் நான் சுத்துவேன். மதியம் மட்டும் அசைய மாட்டேங்குது."

"ஏன் அப்படி?"

"அதான் தெரியலை" என்றபடியே தட்டு நின்றது. ஃபிலிம் பட்டென்று அறுந்தது.

பல்லி கம்பியை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

"கவலைப்படாதே. பூச்சி போனாப் போகுது. நாளையிலேர்ந்து நாலு காட்சிக்கும் இங்கேயே உட்கார்ந்து பார்க்கிறேன். காரணத்தைக் கண்டுபிடிக்காம இறங்க மாட்டேன்."