சும்மா அனுப்பிய முறை

உருத்திரபுரத்து வயல்காரர்களுக்குத் தண்ணீர் முறையை அறிவிக்கும் செயலியை மேனுகா சோதித்துக்கொண்டிருந்தாள். உயிரோடு இருக்கிறவர்கள் பொய்த் தகவலை நம்பி அலையக் கூடாதே என்று, செத்துப்போன இளையதம்பி மாமாவின் பெயரையும் பழைய நம்பரையும் போட்டாள். ‘நாளை உங்கள் முறை’ என்று அனுப்பிவிட்டு மறந்துபோனாள்.

மறுநாள் மாமாவின் மனைவி இரஞ்சிதம் மாமி அவளை வயலுக்குக் கூட்டிப்போனார். வாய்க்கால் வெடித்துக் காய்ந்து கிடந்தது. வருடக்கணக்காக விதைக்காத மாமாவின் வயலில் மட்டும் தண்ணீர் நிறைந்து நின்றது. வரம்பில் சேறு காயாத மண்வெட்டி.

மேனுகாவுக்கு மாமியின் முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

“நான்தான் மாமி. சும்மா சோதிச்சுப் பாக்க மாமாட பேரைப் போட்டனான்.”

“சும்மா எண்டு நீயே அவருக்குச் சொல்லு, பிள்ளை. விதைநெல்லு கேட்டு வீட்டு வாசலில நிக்கிறார்.”