நூற்றுக்கு எண்பது

"எம்பது" என்றாள்.

எப்படித்தான் வாயில் வந்ததோ, வந்துவிட்டது.

கையில் ஈரத்துணிச் சுருட்டு. அதற்குள் அவளே எண்ணி வைத்த நூறு உளுந்து. நாலு நாளாகத் தண்ணீர் தெளித்து, அடுப்படி ஓரத்தில் வைத்திருந்தாள்.

முளை விட்டது இருபத்திரண்டு.

இரண்டு தரம் எண்ணினாள். மூன்றாம் தரமும் எண்ணினாள் பாவி மகள், எண்ண எண்ணக் கூடிவிடும் என்பதுபோல.

மற்றதெல்லாம் ஊறி, தோல் கழன்று, நசநசவென்று கிடந்தது. போன அறுப்பில் மழையில் நனைந்த நெற்று. வெயிலில் காய்ந்தது போதவில்லை.

"எம்பதா?"

புருசன் சீனிச்சாமி நிமிர்ந்து பார்த்தான். புஞ்சை ஓரத்தில், டிராக்டருக்குப் பின்னால், விதைக்கிற மெஷினை ஒட்டிக் குத்தவைத்திருந்தான்.

"ஆமா. எம்பது."

துணியை அவனுக்குத் தெரியாமல் இடுப்பில் செருகிக்கொண்டாள். ஈரம் சேலையில் இறங்கியது.

அவன் சிரித்தான்.

ஆத்தாடி, அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று!

புரட்டாசியில் ஒரு தரம் விதைத்தார்கள். காய்ந்தது. இரண்டாம் தரம் விதைத்தார்கள். அதுவும் காய்ந்தது. அதற்கப்புறம்தான் ஒரு மத்தியானம், மாட்டுத் தொழுவில், பூச்சிமருந்து டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்ததை அவள் பார்த்தாள்.

"மூடியத்தான் தொறந்தேன்" என்றான் அன்றைக்கு.

டப்பாவை அண்ணன் வீட்டில் கொண்டுபோய்ப் போட்டாள். அன்றிலிருந்து அவனை அரை நாழிகை தனியே விட்டதில்லை. கொல்லைக்குப் போனால்கூட வாசலில் நின்று இருமிக்கொண்டிருப்பாள்.

முந்தாநாள் மழை பெய்தது. ஊரே விதைக்கிறது. எந்தக் கடையிலும் விதை இல்லை. வீட்டில் எடுத்து வைத்த விதை இருபத்தைந்து கிலோ. நிலம் மூன்று ஏக்கர்.

"எம்பது இருந்தா ஏக்கருக்கு எட்டுக் கிலோ போதும். கச்சிதமா வந்துரும்" என்றான்.

மெஷினைத் தூக்கி, சக்கரம் தரையில் படாதபடி அடியில் கல்லை அண்டக் கொடுத்தான். சக்கரத்தில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டினான், சுற்று எண்ணுவதற்கு. விதை இறங்கும் குழாய் ஏழு. ஏழுக்கும் ஒவ்வொரு பாலிதீன் பையாக அவள் கட்டினாள்.

இருபது சுற்றுக்கு நூறு கிராம் விழ வேண்டும். அப்படி விழுந்தால் ஏக்கருக்கு எட்டுக் கிலோ.

சுற்றினான். பைகளை அவிழ்த்து, பலசரக்குக் கடையில் இரவல் வாங்கி வந்த தராசில் கொட்டினாள்.

நூற்றுப் பதினெட்டு.

விதை அளவைக் கூட்டிக் குறைக்கிற, நம்பர் போட்ட நெம்புகோலை இறக்கினான். மறுபடி சுற்றினான்.

தொண்ணூற்றொன்று.

ஏற்றினான்.

நூற்றி நாலு.

"போதும். நாலு கிராம்தான" என்றாள்.

"நாலு கிராமா! ஏக்கருக்கு முந்நூறு கிராம் கூடப் போகும், தங்கம். எட்டாயிரம் செடி. சும்மாவா?"

மனுசன் கணக்கில் புலி. கல்யாணத்தன்றைக்கே பந்தியில் எத்தனை இலை விழுந்தது என்று எண்ணிச் சொன்ன ஆள். இந்த ஒரு மாதமாகத்தான் அந்தப் புலி சோற்றைத் தொடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக் கிடந்தது.

கணக்கு அவளுக்கும் தெரியும்.

நூற்றுக்கு இருபத்திரண்டு முளைக்கிற விதையில் எட்டுக் கிலோ எந்த மூலைக்கு? முப்பது வேண்டும். மூன்று ஏக்கருக்குத் தொண்ணூறு. எங்கே போக?

இப்போதுகூடச் சொல்லிவிடலாம். இடுப்பிலிருக்கும் துணியை அவிழ்த்துக் காட்டினால் போதும்.

காட்டினால்?

சக்கரம் நிற்கும். அவன் எழுந்து வேட்டியைத் தட்டுவான். வீட்டுக்குப் போவான். கதவைச் சாத்துவான்.

அவளுக்குப் பயமாக இருந்தது. பையைக் கட்டினாள்.

அவன் ஒரு கண்ணை இடுக்கி, நெம்புகோலை மயிரிழை நகர்த்தினான். சுற்றினான். வாய்விட்டு எண்ணினான். பதினெட்டு, பத்தொன்பது, இருபது.

தராசில் நூறு நின்றது. அசையவில்லை.

"பாத்தியா!"

"பாத்தேன்."

"ஆறாம் நம்பருக்கு மேல ஒரு நூல். மறந்துராத. வர்ற வருசமும் இதே அளவுதான்."

வர்ற வருசம்.

அந்தச் சொல்லை அவன் வாயால் கேட்க எத்தனை சாமிக்கு நேர்ந்திருப்பாள்! கிடைத்துவிட்டது. எதைக் கொடுத்து வாங்கினாள் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

விதை முழுவதையும் பெட்டியில் கொட்டினாள். கையால் நிரவிவிட்டாள். உளுந்து குளுகுளுவென்று நல்ல விதை மாதிரியே இருந்தது.

"பசிக்குது. மத்தியானத்துக்குக் கருவாடு வை" என்று சொல்லிவிட்டு டிராக்டரில் ஏறினான்.

கல்லை உருவி எடுத்தாயிற்று. மெஷின் இறங்கியது. கரிசலில் ஏழு கோடு விழுந்தது. கோட்டுக்குக் கோடு ஒரு விரல் பிசகில்லை. கூடவும் இல்லை, குறையவும் இல்லை, அவன் சொன்ன அளவில் விதை இறங்கிக்கொண்டே போனது.

திரும்பிப் பார்த்துக் கையை ஆட்டினான். அவளும் ஆட்டினாள்.

விதைத்து ஐந்து நாள் போனால் உளுந்து தலைகாட்டும்.

இன்றைக்குச் செவ்வாய்.

ஞாயிற்றுக்கிழமை அவனுக்கு முன்னால் எழுந்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.