செவ்வாய்க்கிழமைக் கடிதம்

வாசகர் கடிதங்களை யாரும் படிப்பதில்லை என்றொரு நம்பிக்கை மக்களிடையே வேரூன்றியிருக்கிறது. பிழையான நம்பிக்கை, உடனே திருத்தப்பட வேண்டியது. நகரமன்றத்தின் சிக்கனக் குழு படிக்கிறது. எதையாவது மூடச் சொல்லி எழுதியிருந்தால், அடிக்கோடு போட்டே படிக்கிறது.

ஓய்வுபெற்ற நில அளவையாளர் செவ்வாய்தோறும் காலை பத்து மணிக்குப் பொது நூலகத்துக்கு வருவார். இலவச இணையப் பிரிவில் ஜன்னலோரக் கணினி அவருடையது. கண்ணாடிக் கூட்டுக்குள் கடவுச்சொல் எழுதிய துண்டுச் சீட்டு. ஒற்றை விரல். ஒரு கடிதத்துக்கு ஒன்றரை மணி நேரம்.

செயற்கை நுண்ணறிவு, செல்போன் கோபுரம், ஆஸ்பத்திரியில் டோக்கன் இயந்திரம் என்று வாரத்துக்கு ஒரு கருத்து. இரண்டு வருடமாக நாளிதழில் பெரும்பாலும் வெளியாகியும் வந்தது.

அன்றைய கருத்து, நூலகத்தைப் பற்றியது.

"ஏம்மா, உபரிக்குச் சின்ன ரவா, பெரிய றவா?"

"சின்ன ர, சார்" என்றாள் உதவி மேசைப் பெண், திரும்பாமலே.

அவள் ஒரு கொத்தனாரின் விபத்து நிவாரண விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

"எந்தக் கைன்னு போட?"

"வலதுங்க. அதான் நானே அடிக்க முடியல."

"இடதுன்னா மட்டும் அடிச்சுத் தள்ளியிருப்பீங்களாக்கும்."

கொத்தனார் கட்டுப் போட்ட கையோடு சிரித்தார்.

அளவையாளர் தொண்டையைச் செருமினார். "படிக்கிறேன், கேளுங்க. 'எழுபத்துநான்கு வயதில் நான் எவர் துணையுமின்றி மின்னஞ்சல் அனுப்புகிறேன். எனவே இங்கே உதவியாளர் என்பது உபரிப் பணியிடம். கணினி இருந்தால் போதும்.' எப்படி?"

அவள் விண்ணப்பத்தின் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள்.

அந்தப் பணியிடத்தை நீட்டிப்பதா, ரத்து செய்வதா என்று முடிவெடுக்க வரும் திங்களன்று சிக்கனக் குழு கூடவிருந்தது. அவள் ஒருத்தி வேலைக்குப் போவதை நம்பி வீட்டில் மூன்று பேர்.

"உங்க மேல தனிப்பட்ட முறையில ஒண்ணும் இல்லம்மா. இது கொள்கை."

"புரியுது சார்."

"தப்பா எடுத்துக்கக் கூடாது."

"இல்ல சார். 'எவர் துணையுமின்றி' நல்லா விழுந்திருக்கு."

அவர் சுட்டியை நகர்த்தி, வாத்தியக்காரர் கடைசித் தட்டு தட்டுவதைப்போல ஒரு தட்டுத் தட்டினார். கடிதம் திரையிலிருந்து மறைந்தது. "போயாச்சு!" என்று எழுந்து, குடையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

"உங்க பொழப்புக்கே வேட்டு வைக்கிறாரு. நீங்க வேற பாராட்டுப் பத்திரம் வாசிக்கிறீங்க?" என்றார் கொத்தனார்.

"பிறந்த தேதி சொல்லுங்க" என்றாள் அவள்.

கடிதம் வெள்ளிக்கிழமை வெளியானது. திங்கட்கிழமை, குழுவின் கோப்பில் முதல் பக்கமாக இருந்தது. புதன்கிழமை உத்தரவு வந்தது: உதவியாளர் பணியிடம் இம்மாதத்தோடு ரத்து.

நூலகர் உத்தரவை அவள் மேசையில் வைத்துவிட்டு, எதிரே உட்கார்ந்தார். அவளைவிட வயதில் இளையவர்.

"உங்க கண்ணு முன்னாடிதானே எழுதினாரு அக்கா? நெட் வேலை செய்யலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"வேலை செஞ்சுதே தம்பி."

"அரிச்சந்திரன் வீட்டுப் பொண்ணா நீங்க? ஒரு வாரம் தள்ளிப் போயிருந்தா, குழு கூடிக் கலைஞ்சிருக்கும். வேலையும் நீடிச்சிருக்கும். அவர் அனுப்பினது அப்புறம் வந்தா என்ன, வராட்டி என்ன?"

அவள் இழுப்பறையைக் காலி செய்துகொண்டிருந்தாள். தண்ணீர் பாட்டில், தைலப் புட்டி, சொந்தமாக வாங்கிய ஸ்டேப்ளர்.

"அவர் அனுப்பல."

"என்னது?"

"அவருக்கு அனுப்புற பட்டன் எதுன்னே தெரியாது. மூலையில இருக்கிற பெருக்கல் குறியைத் தட்டுவாரு. கடிதம் கண்ணை விட்டு மறைஞ்சதும் போயிடுச்சுன்னு நினைச்சுக்குவாரு. அது உள்ளேயே கிடக்கும். முதல் நாள்லேருந்து அப்படித்தான்."

நூலகர் உத்தரவை ஒருமுறை பார்த்தார். "அப்போ, ரெண்டு வருஷமா பேப்பர்ல வந்ததெல்லாம்?"

"அவர் அந்தப் பக்கம் போனதும் திறந்து அனுப்புவேன். கணக்கை மூடிட்டு வருவேன்."

"ஒரு தடவை சொல்லிக் கொடுத்திருந்தா முடிஞ்சிருக்குமே!"

"முதல் நாளே சொல்லப் போனேன். 'நீங்களும் ஆரம்பிச்சிட்டீங்களா, இதெல்லாம் உங்களுக்கு வராதுப்பான்னு மகன் வீட்ல தினம் சொல்றான்'னாரு. குரல் உடைஞ்சு போச்சு. திரும்பி வந்து உட்கார்ந்துட்டேன். அந்த வாரம் கடிதம் வந்துடுச்சு. பேப்பரை நாலா மடிச்சு எடுத்துட்டு வந்து காட்டினாரு பாருங்க, அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

"சரி, மத்ததெல்லாம் அனுப்புனீங்க. இதையுமா அக்கா அனுப்புவாங்க?"

"எனக்குப் பிடிச்சதா பாத்து அனுப்ப, அது என் கடிதமா தம்பி?"

நூலகர் உத்தரவை மடித்துக் கோப்பில் வைத்தார். மாதக் கடைசியில் அவள் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போனாள்.

அளவையாளர் அதற்குப் பிறகும் பதினோரு செவ்வாய்க்கிழமை வந்து, பதினோரு கடிதம் எழுதினார். ஒன்றும் வெளியாகவில்லை. ஆசிரியர் குழுவில் ஆட்கள் மாறிவிட்டார்கள் போலிருக்கிறது, முன்பு இருந்த தரம் இல்லை என்று மகனிடம் சொல்லி, வீட்டுக்கு வந்துகொண்டிருந்த நாளிதழை நிறுத்திவிட்டார்.