மூன்றாம் தடத்து நீலக் கார்

பெயின்ட் அடித்த கார்க்கூடுகள் ஐந்து தடங்களில் காத்து நிற்கின்றன. எது முந்தி, எது பிந்தி என்று பார்த்து அசெம்பிளி லைனுக்கு அனுப்புவது கண்ணாடி அறையில் இருக்கும் அவள் வேலை. வரிசை குலையக் கூடாதென்று தடத்தை நிறுத்தாமலே உள்ளே புகுந்து, நீலக் கூட்டுக்கும் தூணுக்கும் நடுவில் நசுங்கிய ஃபிட்டரை இப்போதுதான் தூக்கிப் போகிறார்கள். ஒற்றை பூட்ஸ் மட்டும் தடத்திலேயே கிடக்கிறது. அவள் பக்கத்தில் நிற்கும் சூப்பர்வைசரைத் திரும்பிப் பார்க்கிறாள். “லைனை நிறுத்திடவா சார்?” “எதுக்கும்மா? நாலாவது தடத்துல இருக்கிற வெள்ளையை விடு,” என்கிறார் சூப்பர்வைசர். அவள் பொத்தானை அழுத்துகிறாள். வெள்ளைக் கூடு அலுங்காமல் நகர்கிறது. கதவோரப் பெஞ்சில் தினக்கூலிகள் ஐந்து பேர். சூப்பர்வைசர் விரலைச் சொடுக்குகிறார். முதல் ஆள் எழுந்து கையுறை மாட்டிக்கொள்கிறான். மற்ற நால்வரும் ஓர் இடம் நகர்ந்து உட்காருகிறார்கள்.